ஒரு குடைக்கீழ் மூன்று இலச்சினைகள்

ஆவடியில் ரயிலேறி அரக்கோணம் மார்க்கமாகச் செல்வோர், திருவள்ளூரைக் கடந்தபின் திருவாலங்காடு என்னும் நிலையத்தைக் காண்பர். இரத்தின சபையால் பிரசித்தி பெற்ற அத்தலத்து இறைவனுக்குப் பழையனூர் என்னும் கிராமத்தைத் தானமாக அளித்து, முதலாம் இராஜேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பிறப்பித்த சாசனம், 31 செப்பேடுகளாக 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வேடுகளின் வாசகத்தைச் சரித்திர ஆசிரியர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். எனினும், எழுத்தறியாதவனும் கண்ட மாத்திரத்தில் அரசாணையென உணரத்தக்கது, ஏடுகளைக் கோத்த வளையத்தின்மேல் பதிந்திருக்கும் முத்திரையே.

அதில் சோழரின் புலி அமர்ந்திருக்கிறது. அதன் முன்னே பாண்டியரின் இரு கயல்கள், கீழே சேரரின் வில், மேலே வெண்கொற்றக் குடையும் இரு சாமரங்களும், சுற்றிலும் கிரந்த எழுத்தில் சம்ஸ்கிருத வாசகம். வென்ற வேந்தன் தோற்றவர் சின்னங்களை அழித்தொழிக்காமல், தன் குடையின் நிழலிலேயே அவற்றுக்கும் இடமளித்தான் என்பது என் மனத்தை மிகவும் கவர்கிறது. அழித்திருந்தால் வெற்றி மறக்கப்பட்டிருக்கும். அருகில் இருத்தியமையால், யார் யாருக்கு மேலானவர் என்னும் செய்தி, முத்திரையைக் காணுந்தோறும் புதுப்பிக்கப்பட்டது. சின்னங்களின் சாஸ்திரத்தில் உருவத்தைப் போலவே அதன் ஸ்தானமும் பேசும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் நம்மிடம் இல்லை.

ஜெர்மனியில் இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. அங்கே பிரபுக்களேயன்றி, ஊர்களும் தமக்கெனக் கேடயச் சின்னம் பூண்டன. கொலோன் நகரத்தின் கேடயத்திலுள்ள மூன்று கிரீடங்கள், 1164-இல் அங்கே கொணரப்பட்ட, குழந்தை இயேசுவை வணங்கவந்த மூன்று ஞானியரின் திருவெச்சங்களைக் குறிப்பவை. பெர்லினின் கரடியோ 1280-ஆம் ஆண்டு முத்திரையிலேயே காணப்படுகிறது. பொன், வெள்ளி நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தலாகாது என்னும் விதியும், போர்க்களத்தில் தொலைவிலிருந்தே கேடயத்தின் அடையாளம் புலப்படவேண்டும் என்னும் தேவையைத் தழுவியது.

நம் முத்திரை அரசனுடையது, அவர்களுடையது ஊராருடையது. இவ்வேற்றுமை நம் புறநகர்களுக்கு இன்று பொருத்தமான சிந்தனையாகும். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. ஆவடிக்குக் கேடய முறையில் ஓர் இலச்சினை வரைவதாயின், அரசர் சின்னங்களை நாடாமல், பருத்திப்பட்டு ஏரியின் நீலத்தையும், கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அறிகுறியாக ஒரு பொற்சக்கரத்தையும் கொள்ளவேண்டுமென்பேன்; நீலத்தின்மேல் பொன் அமைவதால், அப்பழைய விதிக்கும் அது இணங்கும்.