கூலியா, கொடையா?

நாள் முழுதும் வயலில் நின்று உழைத்தவன் மாலையில் கூலி பெறுகிறான். கொடுப்பவர் எத்துணைப் பெரிய நிலக்கிழாராயினும் அது அவர் காட்டும் தயவன்று, உழைத்தவனின் உரிமை. ஆனால் தாயின் மடியில் பாலுண்ணும் குழந்தை எந்த வேலைக்குக் கூலியாக அந்தப் பாலைப் பெறுகிறது? அன்பு தருகிறது, குழந்தை பெற்றுக்கொள்கிறது. அவ்வளவே. இறைவன் நமக்குத் தரும் அருள் இவ்விரண்டில் எதைப் போன்றது? இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே நம் செபமும் நோன்பும் நேர்ச்சையும், ஏன், நம் இல்லத்தின் அமைதியுங்கூட அமைகின்றன.

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் இக்கேள்வியையே எடுத்துக்கொள்கிறார். உழைப்பவனுக்குக் கிடைப்பது அவனுக்குச் சேரவேண்டிய கூலி; அருளோ அத்தகையதன்று என்று பிரித்துக் காட்டுகிறார். அதற்குச் சான்றாக அவர் அழைப்பது விசுவாசிகளின் தந்தையாகிய ஆபிரகாமை. ஆபிரகாம் ஆண்டவர்மீது கொண்ட விசுவாசமே அவருக்கு நீதியாக எண்ணப்பட்டதை ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரம் கூறுகிறது. விருத்தசேதனக் கட்டளையோ 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. மோயீசன் வழியாகத் திருச்சட்டம் வந்தது அதற்கும் நெடுங்காலம் கழித்து. ஆகவே எந்தச் சடங்கையும் சட்டத்தையும் நிறைவேற்றுமுன்னரே ஆபிரகாம் இறைவனுக்கு ஏற்புடையவரானார். முதலில் இறைவனின் அழைப்பு. அடுத்து மனிதனின் விசுவாசம். அதன் பின்னரே செயல். இவ்வரிசையை மாற்றினால் நற்செய்தியே மாறிவிடும்.

திருச்சபையின் போதனை

"விசுவாசத்தால் மீட்பு என்பது பிரிந்த சகோதரரின் போதனையன்றோ? நற்செயல்களால் மீட்பு என்பதுதானே நம் போதனை?" என்று நம் மக்களுள் சிலர் வினவுவதுண்டு. லுத்தரன் சபையிலோ தென்னிந்தியத் திருச்சபையிலோ சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. இவ்வாறு எண்ணுவது தவறு.

மனிதன் தன் சொந்த ஆற்றலாலேயே பாவத்தை வென்று நல்வாழ்வு வாழ முடியும் என்று பெலாஜியுஸ் போதித்தபோது, அதை எதிர்த்து உறுதியாக நின்றவர் ஹிப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தீனார். கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் 418இல் அப்போதனையைக் கண்டித்தனர். பிரான்சு நாட்டின் ஒராஞ்சு நகரில் 529இல் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. விசுவசிக்க வேண்டும் என்று நம் உள்ளத்தில் எழும் முதல் விருப்பங்கூட அருளின் கொடையே என்று அது போதித்தது.

பதினாறாம் நூற்றாண்டில், அகுஸ்தீனார் சபைத் துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் நோன்பிருந்தார், கண்விழித்துச் செபித்தார், நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆயினும் அவர் மனத்தை அச்சம் விட்டு நீங்கவில்லை. உரோமையர் திருமுகத்தில்தான் அவர் ஆறுதல் கண்டார். பரிபூரண பலன்கள் பணத்திற்குக் கிடைப்பனபோல் மக்களிடையே பரப்பப்பட்டதை எதிர்த்து அவர் 1517இல் எழுப்பிய குரல் பெரும் விவாதமாகி, இறுதியில் பிளவாக முடிந்தது.

அதன்பின் கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கம் கூறியதென்ன? 1547 சனவரி 13ஆம் நாள் அது வெளியிட்ட ஏட்டின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருளின்றித் தன் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்போரைக் கண்டிக்கிறது. நாம் நீதிமான்களாக்கப்படும் அருளை, அதற்கு முன் செல்லும் எதனாலும் சம்பாதிக்க முடியாது என்றும் அச்சங்கம் தெளிவாக உரைத்தது. அதே வேளையில், விசுவாசம் நம்பிக்கையோடும் அன்போடும் இணைந்து உயிருள்ளதாக இருக்கவேண்டும், அருளுக்கு மனிதன் மனமுவந்து இசைய வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

நூற்றாண்டுகள் உருண்டன. 1999 அக்டோபர் 31ஆம் நாள் செருமனியின் ஆகஸ்பர்க் நகரிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. 1518இல் கர்தினால் கயத்தானைச் சந்திக்க வந்த லூத்தர் தங்கியதும் அதே புனித அன்னம்மாள் மடத்தில்தான்! நம் பேறுபலன் எதனாலுமன்று, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில் இறைவன் நம்மை ஏற்கிறார். தூய ஆவியார் நம் இதயங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பதே அவ்வறிக்கையின் சாரம். மெதடிஸ்டு சபையினர் 2006இலும், சீர்திருத்தச் சபையினர் 2017இலும் இதனோடு இணைந்தனர். வேற்றுமைகள் யாவும் தீர்ந்துவிடவில்லை. எனினும் அடிப்படை ஒன்றே என்று ஒருவர் மற்றவரிடம் கூறும் நிலை வந்தது.

நற்செயல் எதற்கு?

அப்படியாயின் நற்செயல் தேவையில்லையா? விசுவாசம் என்பது கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வது மட்டுமன்று. பேய்களும் அதை ஒப்புக்கொண்டு நடுங்குகின்றன என்கிறார் புனித யாகப்பர். விசுவாசம் என்பது குழந்தை தன் தந்தையின் கரங்களில் தன்னை விட்டுவிடுவதைப் போல, நம்மை முழுமையாக இறைவனிடம் கையளிப்பதாகும். அத்தகைய விசுவாசம் அன்பின் வழியாகச் செயலாற்றும் என்று கலாத்தியருக்குச் சின்னப்பர் எழுதுகிறார். மாமரம் காய்ப்பதால் மாமரமாவதில்லை. மாமரமாக இருப்பதால் காய்க்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் இலையும் துளிரும் காயும் காணாத மரத்தில் உயிர் இருக்கிறதா என்று ஐயுறுவதும் நியாயமே. நற்செயல் அருளின் விலையன்று, அருளின் கனி.

இது வெறும் வேதசாஸ்திர நுணுக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, "நவநாளில் ஒருநாள் தவறிவிட்டேன், அதனால்தான் இப்படி ஆயிற்றோ சுவாமி?" என்று கேட்கும்போது, நம் உள்ளம் நொறுங்குகிறது. இல்லை, தாயே! செபங்களை எண்ணிப் பார்த்து உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் செய்கிற கணக்கப்பிள்ளையல்லர் நம் கடவுள். தம் ஒரே மகனைக் கல்வாரியில் கையளித்த தந்தை அவர். உன் கண்ணீரை அறிந்தவர். பல்லாண்டு கோயிலுக்கு வராத இன்னொருவர், "முதலில் குடியை விடுகிறேன், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்ய வருகிறேன்" என்கிறார். குணமான பிறகு மருத்துவரிடம் போவேன் என்று எந்த நோயாளியாவது கூறுவானோ? சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்கு நற்செயல் செய்யக் கையும் இல்லை, நடக்கக் காலும் இல்லை, நாளும் இல்லை. நம்பிக் கேட்க நா ஒன்றே இருந்தது. அது போதுமானதாயிற்று.

நாள் தவறாமல் திருப்பலிக்கு வருபவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊதாரி மகனின் அண்ணன் வீட்டைவிட்டு ஒருபோதும் போனவனல்லன்; ஆனால் தந்தையிடம் அவன் பேசியதோ கூலியாளின் பேச்சு. விருந்து நடந்த வீட்டிற்குள் வர மறுத்து வெளியே நின்றவனும் அவனே.

பெற்றோர்களே, உங்கள் கைக்குழந்தையை ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுவந்த நாளை நினைத்துப் பாருங்கள். அது எந்தப் புண்ணியத்தைச் செய்திருந்தது? ஒன்றுமில்லை. ஆயினும் திருச்சபை அதன் தலையில் நீரை ஊற்றி, இறைவனின் பிள்ளையாக்கியது. அருள் முந்திவருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? அதே பிள்ளையிடம் இன்று, "நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் இயேசுவுக்கு உன்னைப் பிடிக்கும்" என்று சொல்லாதீர்கள். இயேசு அவனை நேசிக்கிறார். ஆகவே அவன் நன்றாகப் படிக்கட்டும்.

நேர்ச்சைகளை நிறுத்த வேண்டியதில்லை. திருயாத்திரையைக் கைவிட வேண்டியதில்லை. ஏழைக்கு ஈவதைக் குறைக்கவும் வேண்டியதில்லை. அவற்றைப் பேரம் பேசும் கையால் அல்லாமல், நன்றி சொல்லும் கையால் செய்வோம். இன்றிரவு குடும்ப செபத்தில் வேண்டுதல்களைத் தொடங்குமுன், கேளாமலே நாம் பெற்றுக்கொண்டவற்றிற்காகச் சற்று நேரம் நன்றி கூறுவோம். இறையருள் உங்கள் இல்லங்களில் என்றும் நிறைந்திருப்பதாக!