நம் வாயிலும் இருக்கிறது அந்தச் சொல்

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடை வாசலில் நின்றிருந்தோம். சொறி பிடித்த நாயொன்று அருகில் வந்தது. “பறையா நாய், தள்ளி நில்லு” என்றேன் தோழியிடம்.

அவள் நகரவில்லை. “தெருநாய்னு சொல்லலாமே. ஸ்கூல்ல என்னை அந்தப் பேரைச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவாங்க” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். பறை என்ற இசைக்கருவியோடு தொடர்புடையது பறையர் என்ற பெயர். அது ஒரு சமூகத்தின் பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளைப் பெற்றது. தெருநாய்க்கும் அடைமொழியானது.

தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேனின் ‘இண்டர்லோக்’ நாவல் 1971இல் வெளிவந்தது. 2011இல் அது படிவம் 5 மாணவர்களுக்கு இலக்கியப் பாடநூலானபோது, அதிலிருந்த இதே சொல்லை எதிர்த்து நம் சமூகம் கொதித்தெழுந்தது. கடைசியில் நூல் பள்ளிகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் பிறர் எழுதினால் வலிக்கும் சொல், நம் வீட்டிலும் நண்பர்கள் மத்தியிலும் வசைச் சொல்லாக இன்னும் உலவுகிறதே!

ஒரு வாரம், நான் பிறருக்குச் சூட்டும் பட்டங்களைக் கைப்பேசியில் குறித்து வந்தேன். ‘சோம்பேறி’, ‘திமிர் பிடித்தவள்’, ‘எஸ்டேட் புத்தி’. கடைசிச் சொல்லைப் பார்த்ததும் கூசிப் போனேன். தோட்டத்தில் பால்மரம் சீவி எங்கள் குடும்பத்தைக் கரையேற்றியவர் என் பாட்டி.

இப்போது ஒரு பழக்கத்தை முயன்று வருகிறேன். பட்டம் சூட்டாமல், நடந்ததை மட்டும் சொல்வது. குழுப்பணிக்கு வராத நண்பனை ‘சோம்பேறி’ என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, “ரெண்டு கூட்டத்துக்கு வரலையே, என்னப்பா ஆச்சு?” என்று கேட்டேன். இரவில் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்து கல்விக் கட்டணத்துக்குப் பணம் சேர்க்கிறானாம். கூட்டத்தை மாலைக்கு மாற்றினோம். வந்துவிட்டான்.

எல்லா நாளும் எனக்கு இது கைகூடுவதில்லை. பழகிய நாக்கு முந்திக்கொள்கிறது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டபோது, “இனிமே சொல்லாம இருந்தா போதும்” என்றாள்.

மாணவ நண்பர்களே, ஒரே ஒரு வாரம் நீங்களும் குறித்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் யாருடைய பாட்டி இருக்கிறார்?