கொரிய மலைகளில் பச்சை மூட்டைகள்

கொரியாவுக்குச் சுற்றுலா போய்வருவது நம்மவர்களிடையே இப்போது சாதாரணமாகிவிட்டது. நாடகம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், பனி பார்க்கப் போகிறவர்கள், பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் போகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. திரும்பி வந்ததும் எங்கள் காலை நிகழ்ச்சிக்குப் படங்களை அனுப்பி வைப்பார்கள். ஒரு நேயர் அனுப்பிய படத்தில் பேருந்துச் சன்னல் வழியே ஒரு மலைச்சரிவு தெரிந்தது. பைன் மரங்களுக்கு நடுவே, பச்சைத் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள் பத்து இருபது அங்கங்கே கிடந்தன. “இது என்னங்க, ராணுவக் கூடாரமா?” என்று கேட்டிருந்தார்.

பதில் எனக்குக் கியோங்ஜுவில் கிடைத்தது. கொரியாவின் தென்கிழக்கில், பழைய சில்லா அரசின் தலைநகராக இருந்த ஊர் அது. அரசர்களின் கல்லறை மேடுகளும், அவற்றைச் சுற்றி வளைந்து நெளிந்து நிற்கும் பைன் தோப்புகளும்தான் அந்த ஊரின் அழகு. மார்ச் தொடக்கத்தில் நான் தங்கிய விடுதியின் உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். ஊருக்கு வெளியே அவருடைய குடும்பத்துக்கு ஒரு சிறிய மலைக்காடு இருக்கிறது. அந்த வாரம் அங்கே மரம் வெட்டப் போகிறார்கள் என்று அவருடைய மகள் ஆங்கிலத்தில் சொன்னார். நானும் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியவர் மகளிடம் ஏதோ சொன்னார். “சந்தோஷமாகப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, வருவதானால் வரட்டும் என்கிறார்” என்று மகள் மொழிபெயர்த்தார்.

பச்சை மூட்டைக்குள் இருப்பது நோய் வந்து செத்த பைன் மரம். வெட்டி, துண்டு போட்டு, அடுக்கி, மருந்து ஊற்றி, புகை வெளியே போகாதபடி தார்ப்பாயால் மூடிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த நோயைக் கொண்டுவருவது ஒரு நூற்புழு. நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். அதற்குச் சொந்தமாக ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகத் தெரியாது. நீண்ட கொம்பு போன்ற உணர்விழைகளைக் கொண்ட ஒரு வண்டுதான் அதற்கு வாகனம். செத்த மரத்துக்குள் புழுவாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் இந்த வண்டு, மே மாதவாக்கில் மரத்தைத் துளைத்து வெளியே வரும். வரும்போதே அதன் உடலுக்குள் ஆயிரக்கணக்கான நூற்புழுக்கள் ஏறிக்கொண்டிருக்கும். பசியோடு வெளியே வரும் வண்டு நல்ல மரத்தின் இளங்கிளைகளைக் கடித்துத் தின்னும். கடித்த காயத்தின் வழியாக நூற்புழு உள்ளே இறங்கும். உள்ளே போனதும் பெருகிப் பெருகி, மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடும். ஊசியிலைகள் முதலில் தொங்கும், பிறகு செம்பழுப்பாகும். கொரியப் பைனுக்கு நோய் தொற்றினால் பிழைப்பது அரிது, பெரும்பாலும் அந்த ஆண்டுக்குள்ளேயே கதை முடிந்துவிடும்.

இதில் என்னை அசர வைத்தது இரண்டுக்கும் இடையில் உள்ள கூட்டணி. வண்டுக்கு முட்டையிட, பிசின் சுரக்காத, நலிந்த மரம் வேண்டும். நூற்புழு மரத்தை நலிய வைத்துக் கொடுக்கிறது. அந்த மரத்தில் வளரும் அடுத்த தலைமுறை வண்டு நூற்புழுவைச் சுமந்துகொண்டு பறக்கிறது. கூலி கொடுத்தாயிற்று, வாங்கியாயிற்று.

நூற்புழுவின் பூர்வீகம் வட அமெரிக்கா. அங்குள்ள பைன்கள் அதோடு வாழப் பழகியவை, பெரும்பாலும் சாவதில்லை. ஜப்பானில் நாகசாகிப் பக்கம் பைன்கள் கூட்டமாகச் சாவது 1905லேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் உண்மைக் குற்றவாளி வண்டு அல்ல, அது சுமந்து வரும் நூற்புழு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவியது 1971ல்தான். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் வண்டியைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே உட்கார்ந்திருந்தவனை விட்டுவிட்டார்கள். கொரியாவில் 1988ல் பூசான் நகரின் கும்ஜோங் மலையில் நோய் முதலில் தென்பட்டது. 1999ல் போர்ச்சுகலிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

வண்டு தானாகப் பறந்து இவ்வளவு தூரம் போகாது. மரத்தோடும் மரப்பெட்டியோடும் மனிதன்தான் கொண்டு போகிறான். கிள்ளான் துறைமுகத்திலோ சிங்கப்பூர்க் கிடங்குகளிலோ வேலை செய்கிறவர்கள் மரப் பேலட்டுகளில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரையைத் தினமும் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் ‘எச்.டி.’ என்று இருந்தால், அந்தப் பலகையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு குறைந்தது 30 நிமிடம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படி ஓர் உலக விதி 2002ல் வந்ததற்கு இந்த நூற்புழுவும் ஒரு முக்கியக் காரணம்.

சரி, மரம்தானே, போனால் போகட்டும் என்று கொரியர்களிடம் சொல்லிவிட முடியாது. அவர்களுடைய தேசிய கீதத்திலேயே பைன் மரம் வருகிறது. பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் பைன் கிளை செருகிய வைக்கோல் கயிறு கட்டுவது பழைய வழக்கம். வீட்டு உத்தரமும் பைன், சவப்பெட்டியும் பைன். சுசோக் என்ற அறுவடைத் திருநாளில் பைன் ஊசிகளைப் பரப்பி, அதன்மேல் வைத்துத்தான் சோங்பியோன் என்னும் அரிசிக் கொழுக்கட்டையை அவிப்பார்கள். கொழுக்கட்டைக்கு அந்த வாசம் ஏறும். நம் வீட்டில் வாழையிலை செய்கிற வேலை.

முன்னோர் கல்லறைகளையும் மலைச்சரிவில்தான் வைப்பார்கள். புல் மூடிய மண்மேடு, அதைச் சுற்றி அரைவட்டமாகப் பைன்கள். பெரியவரின் காடும் அப்படிப்பட்டதுதான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா நால்வரும் அங்கே இருக்கிறார்கள். கல்லறைக்குப் பின்னால் நிற்கும் பைன்களை அவருடைய அப்பா நட்டாராம்.

அவற்றில் இரண்டு மரங்களின் அடியில் வண்ணச் சாயத்தால் எண் எழுதியிருந்தது. காட்டின் மற்றப் பகுதிகளில் இன்னும் ஐந்து. நகராட்சியிலிருந்து வந்து, தண்டில் துளையிட்டுத் தூள் எடுத்து, ஆய்வுக்கு அனுப்பி, நூற்புழு இருப்பது உறுதியானதும் எண் போட்டிருக்கிறார்கள்.

எண் போடுவது எளிது, அதற்குப் பிறகுதான் சிக்கல். கொரியக் காடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தனியாருடையது. பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள். உரிமையாளர்கள் பலர் சியோலிலோ வேறு நகரங்களிலோ இருக்கிறார்கள். நம் ஊரில் தாத்தா காலத்து நிலம் ஏழு பேரப்பிள்ளைகள் பெயரில் கிடக்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் இல்லையா, அதே நிலைமைதான். பெரியவரின் காட்டிலும் அவருடைய தம்பிக்குப் பங்கு உண்டு. ஐந்து மரத்தை வெட்டட்டும், கல்லறை மரங்களில் கை வைக்கக் கூடாது என்று தம்பி சியோலிலிருந்து தொலைபேசியில் பிடிவாதம் பிடித்திருக்கிறார். மூன்று வாரம் பேச்சு நடந்திருக்கிறது. கடைசியில் பெரியவர், சிவந்துபோன மரத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பி, “அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?” என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் சம்மதம் வந்ததாக மகள் சொன்னார்.

நான் போன நாளன்று, வெட்டுவதற்கு முன் பெரியவர் கல்லறை முன் அரிசி மது ஊற்றி, இரண்டு முறை விழுந்து வணங்கினார். பிறகு சங்கிலி ரம்பம் ஓடத் தொடங்கியது.

மரம் சாய்வதற்குச் சில நிமிடங்கள் போதும். அதற்குப் பிந்திய வேலைதான் பொழுதைத் தின்கிறது. வண்டுப் புழு தண்டில் மட்டும் இருப்பதில்லை, கிளைகளிலும் இருக்கும். 2 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட கிளை ஒன்றைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. நான்கு பேர் சரிவில் குனிந்து குச்சி குச்சியாகப் பொறுக்கினார்கள். சாலை போட்ட இடமென்றால் லாரியில் ஏற்றிப்போய் இயந்திரத்தில் பொடிச் சில்லுகளாக அரைத்துவிடுவார்கள், அதுதான் நல்ல வழி. செங்குத்தான மலையில் லாரி ஏறாது. அங்கேதான் பச்சைத் தார்ப்பாய் வருகிறது. அடிக்கட்டையையும் விடுவதில்லை. பட்டையை உரிப்பார்கள், இல்லையென்றால் மருந்திட்டு மூடுவார்கள். நேயர் அனுப்பிய படத்தில் சின்னதாகத் தெரிந்த மூட்டைகள் அடிக்கட்டைகளாக இருக்க வேண்டும்.

செலவு பெரும்பாலும் அரசாங்கத்துடையது. மரத்துண்டு ஒன்றை அடுப்புக்கு எடுத்துப்போக மட்டும் உரிமையாளருக்கே அனுமதியில்லை. 2005ல் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்தது. நோய் கண்ட மரத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பகுதிகளிலிருந்து பைன் மரத்தை விருப்பம்போல் வெளியே கொண்டுபோனால் தண்டனை உண்டு. மலை நம்முடையது, மரம் நம்முடையது, விறகு மட்டும் நம்முடையதல்ல. முதலில் அநியாயமாகப் பட்டது. ஒரு லாரி விறகு நோயை இன்னொரு மாவட்டத்துக்கே கொண்டுபோய்விடும் என்று தெரிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரப்பர் மரத்தில் வெள்ளை வேர் நோய் வந்தால் அந்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரைத் தோண்டி எடுக்க வேண்டும், பக்கத்து மரத்தோடு வேர் தொடாமலிருக்கக் கால்வாய் வெட்ட வேண்டும். தோட்டத்தில் அதற்கு ஒரு மேனேஜர், ஓர் உத்தரவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஏழெட்டுப் பங்காளிகள் உள்ள மலையில் யார் உத்தரவு போடுவது?

நல்ல மரங்களைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் தண்டில் துளைபோட்டு மருந்து செலுத்தினால், நோய் வருமுன் அது தடுக்கும். வந்த பிறகு பயனில்லை. செலவு அதிகம் என்பதால் மலை முழுவதற்கும் செய்ய முடியாது. கல்லறையைச் சுற்றி மிஞ்சியிருக்கும் மரங்களுக்குப் பெரியவர் முன்பே ஊசி போட்டுவிட்டார். ஆனால் அந்த மருந்து ஏறிய மரத்தின் ஊசியிலையைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். அப்பா நட்ட மரத்தின் இலையில்தான் இதுவரை அந்த வீட்டுச் சோங்பியோன் வெந்தது. “இனிமேல் கடையில் வாங்கிக்கொள்வோம்” என்றார் மகள். பெரியவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் வடக்கே, உல்ஜின், யோங்தோக் போன்ற இடங்களில் இந்தக் கவலை வருமானத்தோடும் சேர்ந்தது. அங்கே பைன் வேரோடு ஒட்டி வளரும் சோங்கி என்ற காளான் இலையுதிர் காலத்தில் நல்ல விலைக்கு ஏலம் போகும். அதைப் பண்ணையில் வளர்த்து எடுக்க முடிவதில்லை. பைன் போனால் காளானும் போகும்.

இவ்வளவு பாடுபட்டும் நோய் அடங்கியதா? 2014 ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் கொரியாவில் சுமார் 21 லட்சத்து 80 ஆயிரம் மரங்கள் இந்த நோயால் போயின. பிறகு குறைந்து, 2021ல் 3 லட்சம் அளவுக்கு இறங்கியது. வென்றுவிட்டோம் என்று நினைக்கும்போது 2023ல் மீண்டும் 10 லட்சத்தைத் தாண்டியது. கியோங்ஜு, போஹாங், மிர்யாங் வட்டாரங்களில் நிலைமை மோசம். ஒவ்வொரு மரமாகத் தேடி வெட்டுவது அங்கே இனிக் கட்டுப்படியாகாது, முழுச் சரிவையும் வெட்டிவிட்டு வேறு மரம் நடலாம் என்ற திட்டம் நடந்துவருகிறது. அதற்கும் உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். பைனை விட்டுவிடுங்கள், தானாக வளரும் ஓக் காடு வரட்டும் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெயில் கூடக்கூடப் பைன் நலிகிறது, வண்டுக்குக் காலம் நீள்கிறது என்பது அவர்கள் கட்சி. கணக்குப்படி அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் கல்லறைக்குப் பின்னால் நிற்கும் மரத்தைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

வெட்டிய இரண்டு மரங்களின் இடத்தில் இப்போது ஒரு சன்னல் திறந்ததுபோல் வானம் தெரிகிறது. கீழே ஓக் கன்றுகள் ஏற்கெனவே முளைத்திருந்தன. தம்பிக்கு அங்கே பைன்தான் வேண்டுமாம். பெரியவர் கன்றுகளைப் பிடுங்கவும் இல்லை, பைன் நடவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் மகளிடமிருந்து செய்தி வந்தது. அவர்களுடைய ஏழு மரங்களும் முடிந்துவிட்டன. எதிர்மலையில் எண் போட்ட மூன்று சிவந்த மரங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாமல் அறிவிப்பு ஒட்டிக் காத்திருந்தார்களாம். காத்திருப்பு முடிவதற்குள் மரம் வெட்டும் குழு வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. இன்னும் சில நாளில் மே பிறந்துவிடும்.