‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லாதவர்கள்

குணப்படுத்த முடியாத நோயிலும் செய்வதற்கு நிறைய உண்டு என்று காட்டுகிறார்கள் கேரளத்தின் வீட்டு நர்ஸுகள்.

நாக்கில் புற்றுநோய் கண்டு, வலியால் துடித்தபடி வந்தார் ஒரு கல்லூரி ஆசிரியர். மயக்க மருந்து நிபுணரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் ஊசி மூலம் நரம்பை மரக்கச் செய்தார். வலி போயிற்று. அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டார் நோயாளி. நோய் தீர வழியில்லை, இனி வர வேண்டியதில்லை என்று பதில் கிடைத்தது. தன் நோய் தீராதது என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. வீடு திரும்பியவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ராஜகோபாலே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கும் சம்பவம் இது. நரம்பைக் கவனித்துவிட்டு மனிதரைக் கவனிக்கத் தவறியதை அவர் மறைத்ததில்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சக மருத்துவர் சுரேஷ் குமார் உள்ளிட்ட நண்பர்களுடன் அவர் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, கேரளமெங்கும் பரவிய ஓர் இயக்கத்துக்கு வித்தானது. 2003இல் அவர் நிறுவிய ‘பாலியம் இந்தியா’ திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. கோட்டைக்குத் தெற்கே, வராகமூர்த்தி கோயிலும் பெரிய தெப்பக்குளமும் உள்ள ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில்தான் மணக்காடு. அதையடுத்த பருத்திக்குழியில் இருக்கிறது அதன் மருத்துவமனை.

ஆனால் உண்மையான வேலை நடப்பது நோயாளியின் வீட்டில். அங்கே முக்கியமானவர் நர்ஸ். மார்ஃபின் மாத்திரையை வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று வீட்டாருக்குக் கற்றுத் தருகிறார். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து தர நினைவூட்டுகிறார். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, வறண்ட வாயை ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் செய்து காட்டுகிறார். புண்ணின் நாற்றத்தால் உறவினர்கள் அறைக்குள் வரத் தயங்கும்போது, பொடித்த மெட்ரோனிடஸோல் மாத்திரையைத் தூவி நாற்றத்தைக் குறைக்கிறார். விலை மலிவான மாத்திரைதான். ஆனால் பேரக்குழந்தை மறுபடி கட்டில் அருகே வர அது போதும்.

வீட்டாரின் பயங்கள் வேறு வகை. ‘ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே’ என்று வற்புறுத்தி ஊட்டுவார்கள். உணவு மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து உண்டு. கடைசி நாட்களில் பசி அடங்குவது இயற்கை, அது யாருடைய குற்றமும் அல்ல என்று எடுத்துச் சொல்வதும் நர்ஸின் வேலைதான். ‘அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்று வாசலிலேயே மகன் கெஞ்சுவான். உள்ளே அப்பாவுக்கோ எல்லாம் தெரிந்திருக்கும். இருவருக்கும் நடுவே நின்று, நோயாளிக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அதை அவர் கேட்கும் வேகத்தில் சொல்லப் பொறுமை வேண்டும்.

நவீன நோய்த்தணிப்பு சிகிச்சையின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸும் நர்ஸாகத் தொடங்கியவர்தான். பிறகு சமூகப் பணியாளரானார், மருத்துவரானார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லத்தை நிறுவினார். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை அனைத்தும் சேர்ந்ததே வலி என்பது அவரது கருத்து. கேரளத்தில் இந்தக் கணக்கில் அரிசியும் பள்ளிக் கட்டணமும் சேரும். சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் அடுப்பு எரியாது, பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். அதனால்தான் நர்ஸுடன் தொண்டர்களும் வருகிறார்கள். மரணத்துக்குப் பிறகும் வீட்டைப் போய்ப் பார்க்கிறார்கள்.

2008இல் கேரள அரசு நோய்த்தணிப்பு சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகளின் பொறுப்பில், பயிற்சி பெற்ற நர்ஸ் வீடு வீடாகப் போகும் ஏற்பாடு வந்தது.

நாட்டின் மற்ற பகுதிகளில் பெரிய தடையாக இருந்தது மார்ஃபின். சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இது. இருந்தும் 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதானது. ஆனாலும் எல்லா ஊரிலும் மாத்திரை கிடைத்துவிடவில்லை.

இது தமிழர்களுக்கும் அந்நியமான விஷயமல்ல. திருவனந்தபுரத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் குமரி, நெல்லைப் பகுதிகளிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ‘இனிச் செய்ய ஒன்றுமில்லை’ என்று கேட்டுவிட்டு ஊர் திரும்புபவர்களும் அவர்களில் உண்டு. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே நோய்த்தணிப்பு சேவை உண்டு. அந்தப் பையில் மார்ஃபின் இருக்கிறதா, அதைக் கொண்டுவருபவருக்குக் கட்டில் அருகே அரைமணி நேரம் உட்கார அவகாசம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது மீதி எல்லாம்.

அந்தக் கல்லூரி ஆசிரியர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ‘நீங்கள் வர வேண்டாம், நாங்களே வருகிறோம்’ என்பது அதற்கு வெகு தாமதமாகக் கிடைத்த பதில்.