ஏடு எரிந்தால் உரிமையும் எரியுமா?

போர்ப்பணியில் உடல் நலிவுற்ற வீரனுக்கு உதவித்தொகை அளிப்பது அரசின் கடமை. அதனைப் பெறுவதற்குப் பொதுவாக மூன்று செய்திகள் நிலைநாட்டப்பட வேண்டும் என்பது அமெரிக்க நாட்டு முறை. இப்பொழுது உடற்குறை இருத்தல் வேண்டும். பணிக்காலத்தில் காயமோ நோயோ நேர்ந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் தொடர்பு இருத்தல் வேண்டும். முதலாவதையும் மூன்றாவதையும் இன்றைய மருத்துவர் ஆராய்ந்து கூறலாம். இரண்டாவதற்குப் பழைய பட்டாள மருத்துவ ஏடே தலையாய சான்று. அவ்வேடே இல்லாதொழிந்தால் என் செய்வது?

இது வெறுங் கற்பனையன்று. 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகரையடுத்த தேசியப் பணியாளர் ஆவண நிலையத்தில் பெருந்தீ மூண்டது. 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடிய விலகிய தரைப்படையினரின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது பங்கு சாம்பலாயிற்று. அவற்றிற்குப் படிகள் இல்லை. முழுமையான அட்டவணையும் இல்லை. இரு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பணியாற்றியோர் பலர் இவ்வாறு சான்றிழந்தனர்.

ஏடு அரசின் காவலில் இருந்தபோது அழிந்தது, குற்றம் வீரனுடையதன்று. ஆகவே, இத்தகைய வழக்குகளில் தன் முடிவுக்குரிய காரணங்களை விளக்குவதிலும், ஐயத்தின் பலனை வீரனுக்கு அளிக்கலாமா என்று ஆராய்வதிலும் அரசுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டென 1991இல் முன்னாள் வீரர்களுக்கான மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதரவும் எதிர்ப்புமான சான்றுகள் ஏறக்குறையச் சமமாயின், முடிவு வீரனுக்குச் சாதகமாகவே அமைதல் வேண்டும். அக்கால மருத்துவ ஏடு இல்லை என்ற ஒரே காரணத்தால் வீரனின் வாய்மொழியை நம்பத்தகாதது எனத் தள்ளலாகாது என்பது 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

எனினும், ஏடு எரிந்தமையாலேயே வெற்றி கிட்டிவிடாது. வேறு சான்று தேட வேண்டும். இன்னார் நோயுற்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார் என்பதைப் படைப்பிரிவின் அன்றாடக் காலைக் குறிப்பேடு காட்டக்கூடும். 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் மருத்துவமனையிற் சேர்ந்தோர் பலரைப் பற்றிய தனிக் குறிப்புகள் 1988இல் ஆவண நிலையத்திற்குக் கிடைத்தன. உடன் பணியாற்றியோர் வாக்குமூலம், வீட்டிற்கு எழுதிய கடிதம், அக்காலப் புகைப்படம், விடுப்புக்குப்பின் மருத்துவம் செய்த மருத்துவரின் குறிப்பு ஆகியனவும் பயன்படும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள் உள. புதிய சான்றுடன் துணை விண்ணப்பம் செய்யலாம். மூத்த அதிகாரியின் மறு ஆய்வைக் கோரலாம். மேன்முறையீட்டு வாரியத்தை அணுகலாம். மூத்த அதிகாரி புதிய சான்று எதனையும் ஏற்பதில்லை. ஆதலின், நண்பரின் வாக்குமூலமோ கடிதமோ புதிதாகக் கிடைத்தவருக்குத் துணை விண்ணப்பமே பெரும்பாலும் பொருந்தும். ஓராண்டிற்குள் முறையிட்டால், தொகையை முதல் விண்ணப்ப நாளிலிருந்தே பெறும் வாய்ப்பும் காக்கப்படும்.

தாள் எரியலாம், தழும்பு எரிவதில்லை. தழும்பின் வரலாற்றைச் சொல்ல வல்ல தோழர்கள் வாழும்போதே அவர்தம் சான்றைப் பெற்று வைத்தல் அறிவுடைமையாகும்.