சூரியனுக்கும் ஒரு தவணை உண்டு

2010 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்காக மக்கள் பள்ளிவாசலை நோக்கி வந்துகொண்டிருந்த வேளையில், வானத்துச் சூரியன் தேயத் தொடங்கியிருந்தது. பகல் ஒரு மணியைக் கடந்த சிறிது நேரத்தில், தென்தமிழகக் கடற்கரை ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் அது பொன்வளையமாகக் காட்சியளித்தது. தனுஷ்கோடியில் அவ்வளையம் ஏறத்தாழப் பத்து நிமிடம் நீடித்தது. ஜும்ஆவோடு கிரகணத் தொழுகையையும் அன்று நாங்கள் நிறைவேற்றினோம்.

தொழுகை முடிந்ததும் எமது மக்தபில் ஓதும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என் கையைப் பற்றினான். "ஹஜ்ரத், சந்திரன் குறுக்கே வந்தால் சூரியன் முழுவதும்தானே மறைய வேண்டும்? ஓரம் மட்டும் ஏன் மிஞ்சியது?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நா எழவில்லை. "அல்லாஹ்வின் குத்ரத்தில் கேள்வி கேட்கலாகாது" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். அவன் முகம் வாடியது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அவன் படைத்தவனைக் கேள்வி கேட்கவில்லை. படைப்பைப் பற்றியே கேட்டான். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மறந்தவன் நானே.

ஆயிரத்து நூறாண்டுகட்கு முந்தைய விடை

பின்னர் நூல்களைப் புரட்டியபோது நாணமே மிஞ்சியது. அவ்வினாவுக்கு நம்மவர் ஒருவரே விடை கண்டிருந்தார். அவர்தாம் கி.பி. 929 இல் மறைந்த அல்பத்தானீ. விண்மீன்களை வணங்கிய மக்களுக்குப் பெயர்பெற்ற ஹர்ரான் பகுதியில் பிறந்த அப்பெரியார், யூப்ரடீஸ் நதிக்கரையிலுள்ள ரக்கா நகரில் நாற்பது ஆண்டுகள் வானத்தை அளந்தார். ஓர் ஆண்டு என்பது 365 நாள் 5 மணி 46 நிமிடம் 24 விநாடி என்று கணித்தார். இன்றைய கணக்குக்கும் அதற்கும் இரண்டு நிமிடச் சொச்சமே வேற்றுமை. சூரியவட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாகத் தோன்றுவதில்லை என்பதையும், ஆதலால் வளையக் கிரகணம் நிகழக்கூடும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

அதன் காரணம் இதுவே. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழுவட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையே 14 கோடியே 71 லட்சம் கி.மீ.; ஜூலைத் தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சம் கி.மீ. சூரியனின் குறுக்களவு சந்திரனைப்போல் சுமார் 400 மடங்கு. அதன் தொலைவும் சுமார் 400 மடங்கு. எனவேதான் இரண்டும் நம் கண்ணுக்கு ஏறத்தாழச் சமமாகத் தெரிகின்றன. அந்த வெள்ளியன்று சூரியன் அருகிலிருந்தமையால் சற்றுப் பெரிதாகவும், சந்திரன் தொலைவிலிருந்தமையால் சற்றுச் சிறிதாகவும் தோன்றின. சிறிய மூடி பெரிய பாத்திரத்தை முழுதும் மூடுமோ? ஓரம் மிஞ்சியது.

ஜனவரியில் சூரியன் அருகிலிருந்தும் நமக்குக் குளிர்காலமாவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பருவத்தை ஆக்குவது தொலைவன்று. 23½ பாகை சாய்ந்திருக்கும் பூமியின் அச்சேயாகும்.

தேக்சாவும் கொண்டைக்கடலையும்

சூரியனின் குறுக்களவு சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம் கி.மீ. 109 பூமிகளை வரிசையாக வைத்தால்தான் அவ்வகலம் நிரம்பும். நிக்காஹ் விருந்துக்குச் சோறாக்கும் மூன்றடி அகலத் தேக்சாவைச் சூரியனாகக் கொள்ளுங்கள். நம் பூமி, அதிலிருந்து 320 அடிக்கு அப்பால் கிடக்கும் ஒரு கொண்டைக்கடலை! அக்கடலையின் மேல் நின்றுகொண்டன்றோ நாம் பெருமையடித்துக்கொள்கின்றோம்?

எடையிலோ சூரியன் மூன்று லட்சத்து முப்பதாயிரம் பூமிகளுக்கும் மேல். எனினும் அது கல்லாலோ மண்ணாலோ ஆனதன்று, கொதிக்கும் வாயுக்கோளம். எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம். 1868 ஆகஸ்ட் 18 இல் நிகழ்ந்த முழுக்கிரகணத்தை ஆந்திரத்துக் குண்டூரிலிருந்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் முதலியோரின் பணியால், ஹீலியம் முதலில் சூரியனிடத்திலேயே அறியப்பட்டது. பூமியில் அது பிரித்தெடுக்கப்பட்டது 1895 இல்தான்.

திடப்பொருளன்று ஆதலின் சூரியன் முழுவதும் ஒரே வேகத்தில் சுழல்வதுமில்லை. அதன் நடுப்பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று முடிக்கும். துருவப் பகுதிக்கோ ஏறத்தாழ 35 நாள் வேண்டும். அதன் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கொருமுறை மிகுந்து குறைகின்றன. அப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 இல் எவர்ஷெட் என்பார் கண்டறிந்தது நம் கொடைக்கானல் ஆய்வகத்தில்தான். 2023 செப்டம்பர் 2 இல் சூரியனை ஆராயப் புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிலைகொண்ட ஆதித்யா விண்கலத்தின் திட்ட இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அம்மையார். நம் வீட்டுப் பெண்மக்கள் இதனை அறிதல் வேண்டும்.

எரிந்து தீரும் விளக்கு

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 பாகை செல்சியஸ். நடுவிலோ ஒன்றரைக் கோடி பாகை. அங்கே விறகு எரிவதுபோல் எதுவும் எரியவில்லை. ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக இணைகின்றது. அதில் 40 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பொருள் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகின்றது. மேற்பரப்பை விட்டுக் கிளம்பும் ஒளி 8 நிமிடம் 20 விநாடியில் நம்மை வந்தடையும். நாம் காண்பது எப்போதும் எட்டு நிமிடத்துக்கு முந்தைய சூரியனையே.

அதன் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் நடுவிலுள்ள எரிபொருள் தீர்ந்து, அது வீங்கிச் சிவந்து, பின் சுருங்கி அணையும் என்பர் வானியலார். சூரியனும் சந்திரனும் குறித்த தவணை வரை ஓடுவன என்பது திருமறை உணர்த்தும் கருத்து. இந்தக் கணக்கைக் கொண்டு திருமறைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. அது மனிதர் சான்றை எதிர்பார்த்து நிற்பதன்று. ஆயினும் எடையும் வயதும் முடிவும் உடைய ஒன்று வணக்கத்துக்குரியதன்று, அஞ்சத்தக்கதுமன்று, அறியத்தக்கது.

மதீனாவில் ஒரு துயர நாள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளம் மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது கி.பி. 632 ஜனவரி 27 எனக் கணிப்பர். அம்மரணத்துக்காகவே சூரியன் ஒளிகுன்றியது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தில் மூழ்கிய தந்தைக்கு அது ஆறுதலான பேச்சாகவே இருந்திருக்கக்கூடும். எனினும் அண்ணலார் அதனை ஏற்கவில்லை. எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை. அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று தெளிவுபடுத்தித் தொழச் செய்தார்கள்.

அவ்வுண்மையை அறிந்த நம் இல்லங்களிலும், கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் அடைத்து, உணவின்றி வாட்டும் வழக்கம் சில இடங்களில் உள்ளதே! அதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, அறிவியலிலும் இல்லை. அஞ்ச வேண்டியது ஒன்றே: வெறுங்கண்ணால் சூரியனை நோக்குவது. விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. பார்வை போன பின்னரே தெரியும்.

2019 டிசம்பர் 26 இல் மீண்டும் தமிழகத்தில் வளையக் கிரகணம் வந்தது. அட்டையில் ஊசித்துளையிட்டு, தரையில் விழும் சூரிய நிழலுருவை மக்தப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பழைய சிறுவன் வாலிபனாகி அருகில் நின்றான். பத்தாண்டு தாமதமான விடையையும், அன்று அதட்டியதற்கு மன்னிப்பையும் அவனிடம் சேர்த்தே கூறினேன். "பரவாயில்லை ஹஜ்ரத், இவர்களுக்காவது உடனே சொல்லிவிட்டீர்களே" என்றான்.

2027 ஆகஸ்ட் 2 அன்று புனித மக்கா நகரின் மீது முழுச் சூரிய கிரகணம் நிகழும். சுமார் ஐந்து நிமிடம் அங்கே பகல் இருளும். அது குறித்து உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிடில் தெரியாது என்று சொல்லி, உடனமர்ந்து தேடுங்கள். பயனுள்ள கல்வியை நம் அனைவருக்கும் வல்ல நாயன் பெருக்கித் தருவானாக!