பட்டிக்கு அடியில் துரு

ஜல்லி லாரியிலிருந்து தெறிக்கும் கல், காரின் பானெட்டில் கடுகளவு பெயிண்டைப் பெயர்த்தால் பலர் பொருட்படுத்துவதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் அங்கே துரு விரைவில் பற்றி, பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். தாமதியாமல் கழுவி உலர்த்தி, துரு முழுவதையும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, பிரைமர் பூசி, அது காய்ந்தபின் காரின் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக இடவேண்டும். துருவின் மேலேயே பட்டி வைத்து மறைப்பது ரிப்பேர் ஆகாது. நாளடைவில் கொப்புளித்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

அதை மறைத்து விற்பதோ இன்னும் மோசம். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்து விற்றவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது இத்தகைய மறைப்புக்காகவே. பழைய கார் வாங்குவோர் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின் மீது நகர்த்திப் பார்க்கலாம். பட்டி தடித்துள்ள இடத்தில் அது பிடிக்காது.